அரையிருட்டில் வளரும் செடி

மருமகள் வெளியூரிலிருந்து வந்து சேரும் நேரம். மாமனார் மீன்தொட்டியின் முன்னால் அசையாமல் நின்றிருந்தார். அனுபியாஸ் செடியின் இலைகள் கழன்று நீரின் மேல் மிதந்தன. மீன்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போயின.

வெயில் எட்டிப் பார்க்காத கூடம் அது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அந்த அரையிருட்டிலும் வளரும் என்றுதான் மருமகள் இந்தச் செடியைத் தேடிப் பிடித்து, ஒரு மரக்கட்டையில் கறுப்பு நூலால் கட்டி, தொட்டிக்குள் வைத்திருந்தாள். அவள் வேலை விஷயமாக இரண்டு வாரம் வெளியூர் கிளம்பிப் போனதும் அது மாமனாரின் கண்ணில் பட்டது. வேர் அந்தரத்தில் தொங்குகிறதே என்று மனசு கேட்கவில்லை. நூலை அறுத்து, தடித்த தண்டு முழுவதும் மறையும்படி கூழாங்கல்லுக்குள் அழுத்தி நட்டார். நட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவர் கெடுத்தவை இந்த வீட்டில் ஏற்கெனவே உண்டு. அடிப்பிடிக்காத வாணலியைக் கம்பி நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். மருமகளின் கம்பளிச் சட்டையை வெந்நீரில் அலசி, பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருக்கியிருந்தார். இன்னும் ஒன்று நடந்தால் அப்பா தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதுதான் எல்லோருக்கும் நல்லது என்று மகன் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டான். மூத்தவன் வீட்டில் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கும். பேச ஆள் கிடையாது. இங்கேயும் யாரும் அதிகம் பேசுவதில்லைதான். ஆனால் இங்குள்ள மௌனத்தில் அவருக்கும் ஓர் இடம் இருந்தது.

வேலை முடிந்து வந்த மகன் தொட்டியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"தானா அழுகிடுச்சுன்னு சொல்லிடலாம்ப்பா. நீங்க வாயே திறக்காதீங்க."

கதவு திறந்தது. மருமகள் தோள்பையை இறக்காமலே நின்றுவிட்டாள். தண்ணீரில் ஏதோ கோளாறு என்று மகன் ஆரம்பித்தான்.

"நான்தாம்மா பிடுங்கி நட்டேன்," என்றார் மாமனார்.

அவள் பையை இறக்கி வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு செடியை வெளியே எடுத்தாள். தண்டின் ஒரு பாதி பழுப்பாகக் குழைந்திருந்தது.

"தண்டைப் புதைச்சா அழுகிடும் மாமா. வேர் மட்டும்தான் கீழ போகலாம்."

கட்டை விரலால் தண்டை அழுத்திக்கொண்டே வந்து, கெட்டியான இடத்தில் பிளேடால் நறுக்கினாள். இரண்டு இலைகளோடு விரல் நீளத் துண்டு ஒன்று மிஞ்சியது. அதைக் கட்டையில் வைத்து நூல் சுற்ற அவளுக்கு இன்னொரு கை தேவைப்பட்டது. கணவன் முன்னால் வந்தான்.

"நீங்க வேண்டாம். நீங்க கதை விட்டீங்க. மாமா, நீங்க வாங்க. இங்க பிடிங்க. அழுத்தாதீங்க."

அவர் பிடித்தார். நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் கணவனிடம் கேட்டாள்.

"உங்க அண்ணன்கிட்ட பேசிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"பேச வேண்டாம்."

முடிச்சு விழுந்துவிட்டது. மாமனார் விரலை எடுக்கவில்லை. அவள் சொல்லும்வரை எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.