டெஸ்மண்டின் செட்டப்

என் புருஷனுக்கு ஒரு செட்டப் இருந்தது. ஒளிவு மறைவெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, "செமத்தியான செட்டப்பா!" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். வெள்ளை பிக்கப் வண்டி. டெஸ்மண்ட் தினமும் அதில்தான் தன் மருந்துக்கடைக்குப் போவான். எங்கள் ஊர் போர்ட் பிரியில் வீட்டிலிருந்து கடைக்கு இரண்டே திருப்பம். அந்தப் பயணத்துக்குப் போகிற வண்டியில், ஆற்றில் மூழ்கினாலும் எஞ்சின் மூச்சுவிட ஒரு குழாய் மாட்டியிருந்தான்.

ஆரம்பித்து வைத்தது நான்தான். அந்த வருஷம் வடக்கே பெய்த மழை இறங்கி வந்து பாலைவனத்திலிருக்கும் லேக் ஏர் ஏரியில் தண்ணீர் நிறைந்தது. வருஷக்கணக்கில் வெறும் உப்பாகக் கிடக்கிற ஏரி. கூழைக்கடாக்கள் எங்கிருந்தோ மோப்பம் பிடித்துக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிவிட்டன. எனக்கு அதைப் பார்த்தே ஆகவேண்டும். முன்பு நிறைந்தபோது பிள்ளைகள் கைக்குழந்தைகள். அடுத்து நிறைந்தபோது மாமனார் படுக்கையில். இனி எப்போது நிறையுமோ, அப்போது என் முட்டி எந்த லட்சணத்தில் இருக்குமோ.

"கண்டிப்பா போலாம் கண்ணு. வண்டிய மட்டும் கொஞ்சம் ரெடி பண்ணிடறேன்" என்றான்.

முதலில் முரட்டு டயர். அது நியாயம். பிறகு கங்காரு மோதினால் தாங்க முன்னால் இரும்புத் தடுப்பு. அதுவும் சரி. தடுப்பின் கனத்தில் மூக்கு தாழ்ந்ததால் புது ஸ்பிரிங். அப்புறம் ஃப்ரிட்ஜ் வந்தது, ஃப்ரிட்ஜுக்கு இன்னொரு பேட்டரி வந்தது, பேட்டரிக்கு சோலார் பலகை வந்தது, எல்லாவற்றையும் அடக்க இழுப்பறைகள் வந்தன. கூரைமேல் கூடாரம் ஏறிய பிறகு சூப்பர்மார்க்கெட்டின் கீழ்த்தளப் பார்க்கிங்குக்குள் வண்டி நுழையவில்லை. பாலைவனத்துக்குப் போகிற வண்டியால் பால் வாங்கப் போகமுடியவில்லை. என் சின்னக் காரை எடுத்துக்கொண்டு நான் போய் வாங்கி வந்தேன்.

"டெஸ், ஏரி வத்த ஆரம்பிச்சிடுச்சாம். ரேடியோல சொன்னாங்க."

"வின்ச் ஒண்ணுதான் பாக்கி கண்ணு. சேத்துல மாட்டிக்கிட்டா இழுக்கணும்ல?"

"தண்ணியே இல்லாம போனப்புறம் சேறு எங்கேருந்து வரும்?"

இரும்புக் கயிறும் உருளையுமாக வின்ச் வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு வாரன் வேலிமேல் சாய்ந்துகொண்டு ஒரு குண்டைப் போட்டான். "மாப்ளே, ஹைவேல போலீஸ் நிறுத்தி எடை போடறாங்கடா. அளவு தாண்டியிருந்து அடிபட்டா இன்ஷூரன்ஸ்காரன் கைவிரிச்சிடுவான். எதுக்கும் ஒரு தடவ பாத்துடு."

மில்லிகிராம் சுத்தமாக மருந்து கொடுக்கிற மனிதனுக்கு வண்டியை எடைபோட வேண்டும் என்று அதுவரை தோன்றவே இல்லை. மூன்று பேருமாக, லாரிகளை எடைபோடும் கோதுமைக் கிடங்குக்குப் போனோம். வாரன் முன்னாலேயே இறங்கிக்கொள்ள, வண்டி எடைமேடையில் ஏறியது. டெஸ்மண்டும் இறங்கி எடை பார்க்கும் அறையின் ஜன்னலருகே போய் நின்றான்.

"ஓட்டுறவரையும் சேத்துப் பாத்தா ஜாஸ்தி" என்றாள் உள்ளே இருந்த பெண். "ஒரு ஆள் கனம் ஜாஸ்தி."

"எதையாவது எறக்குடா" என்றான் வாரன்.

டெஸ்மண்ட் வண்டியைச் சுற்றி வந்தான். தடுப்பைத் தொட்டான். "கங்காரு அடிச்சா?" வின்ச்சைத் தடவினான். "மாட்டிக்கிட்டா?" ஃப்ரிட்ஜைப் பார்த்தான். "பியர் சூடாயிடும்" என்றான் வாரன். கடைசியில் டெஸ்மண்டின் பார்வை சீட்டில் உட்கார்ந்திருந்த என்மேல் வந்து நின்றது. வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நானே இறங்கினேன்.

"இப்ப கச்சிதமா இருக்கு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்படிப் போடு!" என்று டெஸ்மண்ட் துள்ளினான். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். "கண்ணு, நான் அந்த அர்த்தத்துல..."

"எந்த அர்த்தத்துல?"

வாரன் டயரை ஆராயத் தொடங்கினான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வண்டிக்குள் என் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத்தான் இவன் ஒவ்வொன்றையும் மாட்டியிருக்கிறான். அதுகூடத் தெரியாமல் மாட்டியிருக்கிறான்.

மறுநாள் என் சின்னக் காரில் பழைய கூடாரத்தையும் ஐஸ் பெட்டியையும் போட்டேன். "நான் கிளம்பறேன். நீ வர்றதுன்னா வா" என்றேன். பிக்கப்பில் பின்னாலேயே வந்தான். மாரீ என்கிற ஊரைத் தாண்டித் தார் ரோடு முடிந்ததும் மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். காருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏரியில் தண்ணீர் இன்னும் இருந்தது. கரையிலிருந்து பின்வாங்கி, வெளுத்த வானத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதன்மேல் கூழைக்கடாக்கள். வாய்விட்டுச் சிரித்தேன். சொல்ல ஆள் தேடித் திரும்பினால், டெஸ்மண்டை நாலைந்து பேர் சூழ்ந்திருந்தார்கள்.

"என்னா செட்டப்பு மாப்ளே! தனியாவா சுத்தற?" என்று கேட்டான் ஒரு தாடிக்காரன்.

"பொண்டாட்டியும் வந்திருக்கா."

"எங்க?"

டெஸ்மண்ட் என் காரைக் காட்டினான். தாடிக்காரன் காரைப் பார்த்தான், பிக்கப்பைப் பார்த்தான். "அடப்பாவி! இத்தன பெரிய வண்டில அவங்களுக்கு எடமில்லயா?"

எல்லாரும் சிரித்தார்கள். டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து உட்கார்ந்து, பறவைகள் அடங்கும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிரவு என் பழைய கூடாரத்தில் முட்டி இடித்துக்கொண்டு இரண்டு பேரும் தூங்கினோம்.

விடிந்து நான் வெளியே வந்தபோது கூரைக் கூடாரம் தாடிக்காரனின் டிரெய்லரில் இருந்தது. டெஸ்மண்ட் சும்மாவே கொடுத்துவிட்டான். கிட்டத்தட்ட என் கனம் அது. பிக்கப்பின் பக்கத்து சீட்டைத் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏறு கண்ணு. ஒண்ணா போலாம்."

என் கோபமெல்லாம் கரைந்து போய்விட்டது. படியில் காலை வைத்தேன். அப்போதுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, புழுதி படிந்து நின்ற என் காரைப் பார்த்தோம்.

"அத யாரு ஓட்டிட்டு வர்றது?" என்றான் டெஸ்மண்ட்.

துடைத்து வைத்த அந்த சீட், போர்ட் பிரி வரை எனக்கு முன்னால் காலியாகப் போயிற்று.