தேசிக்காயில் வெந்த மீன்

என் மனுசனுக்கு வாய் மோசம் என்பது ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கெட்ட வார்த்தை பேசுகிற வாய் இல்லை. சாப்பாட்டுக்குக் குறை சொல்கிற வாய். யேசுரட்ணத்தை விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுப் பெண்களுக்கு முதல்நாள் இரவே நித்திரை போய்விடும். மக்டலீன் அக்காவின் பேத்தி கோயிலில் முதல்நன்மை வாங்கிய விருந்தில், மண்டபம் நிறையச் சனம் இருக்க, கேட்டரிங்காரப் பெடியனைக் கூப்பிட்டு, தேங்காய்ப்பால் சொதியைக் காட்டி, "தம்பி, உது சொதியோ, கை கழுவுற தண்ணியோ?" என்று கேட்டவர் அவர். நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். "ஏன் மிதிக்கிறீர்? தண்ணியைத் தண்ணி எண்டுதானே சொல்லவேணும்," என்று அதையும் சத்தமாகச் சொன்னார்.

வீட்டில் என் பாடு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சினில் எனக்கு வேலை. ஆகாயத்தில் போகிற சனமெல்லாம் நான் கட்டிக் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறது. இந்த ஒரு மனுசனுக்கு மட்டும் உப்புக் காணாது, புளி கூடிவிட்டது, மீனை ஒரு கொதி முந்தி இறக்கியிருக்கவேண்டும். யாழ்ப்பாணத்துக் குருநகரில், மீன்பிடிகாரர் ஊரில் பிறந்துவிட்டாராம், மீனைப் பற்றி மற்றவர்களுக்கு என்ன தெரியுமாம்! கல்யாணம் கட்டிய நாளிலிருந்து எங்களுக்குள் இந்த ஒரு சண்டைதான். ஒரு தைப்பூச நாளில் அயல்வீட்டுப் புனிதவதி கொடுத்துவிட்ட பொங்கலுக்கும் குறை சொன்னபோது அகப்பையை எறிந்தேன். பட்டது சுவரில்தான்.

பிறகு அவருக்குத் தொண்டையில் கான்சர் வந்தது. முகத்துக்கு வலை மாதிரி ஒன்றைப் போட்டு, மேசையோடு சேர்த்து இறுக்கி, கிழமைக்கணக்காக ரேடியேஷன் கொடுத்தார்கள். கான்சர் போய்விட்டது, மாதாவுக்கு நன்றி. போகும்போது அவருடைய நாக்கின் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "திரும்பி வரலாம், வராமலும் விடலாம். பொறுத்துப் பார்ப்போம்," என்று டொக்டர் சொன்னார்.

அன்றிலிருந்து என் மனுசன் நல்லவராகிவிட்டார். எதைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாலும், "நல்லா இருக்கு, பேர்ணி." மருந்து குடிக்கிற மாதிரி மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், கோப்பையைத் தானே கழுவி வைப்பார். மகள் மெலிசா மார்க்கம் நகரத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா இப்ப ஸோ ஸ்வீற், நோ கம்ப்ளெயின்ற்ஸ் அற் ஓல்," என்று சந்தோஷப்பட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? நான் ஒருநாள் வேண்டுமென்றே மீன்குழம்புக்கு உப்புப் போடாமல் இறக்கினேன். புளியும் விடவில்லை. ஆள் ஒரு கவளம் வாயில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதன்பிறகு ஞாயிறு பூசையில் மற்றவர்கள் பிள்ளைகளுக்காகவும் வேலைக்காகவும் மன்றாட, நான் மாதாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த மனுசன் ஒருக்கா என் கறியைக் குறை சொல்லவேண்டும். வாய் நிறையச் சொல்லவேண்டும்.

இந்த வருஷம் எங்களுடைய கல்யாண நாளுக்கு மகன் அன்ட்ரூவும் மெலிசாவும் சேர்ந்து எங்களை மெக்சிக்கோவுக்கு அனுப்பினார்கள். ரொறன்ரோவில் ஸ்னோ முழங்கால்வரை கிடந்தது, அதனால் நான் மறுக்கவில்லை. கையில் ஒரு பட்டியைக் கட்டிவிட்டு, எவ்வளவும் தின்னலாம் குடிக்கலாம் என்று விடுகிற ஹோட்டல். மேசை மேசையாகச் சாப்பாடு. அவருக்குக் கேக்கும் நல்லா இருக்கு. அவித்த போஞ்சிக்காயும் நல்லா இருக்கு. ரப்பர் மாதிரி இருந்த முட்டையும் நல்லா இருக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்சாருங்கோ, வெளிக்கிடுங்கோ. வெளியில போய்ச் சாப்பிடுவம்," என்றேன்.

"ஏனப்பா, இஞ்ச எல்லாம் சும்மா கிடக்குதே?"

"சும்மா கிடக்கிறதை ஆரும் சும்மா தின்னட்டும். நீங்கள் வாங்கோ."

டாக்சி எங்களைப் பட்டணத்துக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையொன்றில் கொண்டுபோய் விட்டது. ஓலைக்கூரை, மணல் தரை, பிளாஸ்டிக் கதிரை, மேசையில் பூப்போட்ட ரப்பர் விரிப்பு. வள்ளங்களைப் பக்கத்திலேயே இழுத்து வைத்திருந்தார்கள். பெலிக்கன் பறவை ஒன்று வாசலில் கடன்காரன் மாதிரி நின்றது. சும்மா சொல்லக்கூடாது, பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். முகம் ஆறுதலாக இருந்தது. அப்படி அவரைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மெனுவில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் ஒரு மீன்படத்தில் விரலை வைத்தேன். வெயிற்றர், நரைத்த மீசைக்காரர், நல்ல தேர்வு என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். சின்னச் சின்னதாக வெட்டிய மீன், வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய், கொத்தமல்லித் தழை. எல்லாம் ஒரு புளித்தண்ணீரில் மிதந்தன. அடியில் கையை வைத்துப் பார்த்தேன். ஐஸ் மாதிரிக் குளிர்.

அவர் கரண்டியை எடுத்துவிட்டார். வாய் "நல்லா..." என்று தொடங்கவும் ஆயத்தம்.

"வையுங்கோ கரண்டியை! உது பச்சை மீன்!"

வெயிற்றர் ஓடி வந்தார். அரைகுறை இங்கிலீஷில், பச்சை இல்லை, லைம், அதுதான் தேசிக்காய், அந்தப் புளியிலேயே மீன் வெந்துவிட்டது, இங்கே எல்லோரும் சாப்பிடுவது இதுதான், செவிச்சே, செவிச்சே என்று விளங்கப்படுத்தினார்.

"தேசிக்காய் சமைச்சிட்டுதாம்!" என்றேன் நான். "அப்ப என்னத்துக்கு உலகத்தில அடுப்பு?"

"விடுமப்பா. அது இவையின்ர முறை," என்றார் என் மனுசன்.

"அவை தங்கட முறையில சாப்பிடட்டும். உங்களுக்குப் பச்சை ஆகாதெண்டு நேர்ஸ் சொன்னது மறந்துபோச்சே?"

"அது ட்ரீட்மென்ற் நேரம் சொன்னது."

"வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ," என்று சொல்லிவிட்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் போனேன்.

குசினியில் என் வயதுப் பெண் ஒருத்தி, என்னைப்போலவே தடித்த கைகள், மீன் வெட்டிக்கொண்டு நின்றாள். பெயர் மார்த்தா என்று வெயிற்றர் பின்னால் வந்து சொன்னார். நான் கோப்பையைக் காட்டினேன், அடுப்பைக் காட்டினேன், ஊற்று என்று கையால் காட்டினேன். அவள் கத்தியை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள். நோ, நோ, நோ. அந்த 'நோ'வில் எவ்வளவு ரோசம்! என் சொதியை யாராவது கழிவுத்தண்ணீர் என்று சொன்னால் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். ஆனால் நான் அங்கே நியாயம் பேசப் போகவில்லை.

குசினியை மறைத்த தட்டிக்கு மேலால் என் மனுசனைக் காட்டினேன். என் தொண்டையைத் தொட்டேன். முகத்துக்கு வலை போட்டு இறுக்கினதை இரண்டு கையாலும் காட்டினேன். பிறகு நாக்கை நீட்டி, இல்லை என்று கையை விரித்தேன். அவள் அவரை எட்டிப் பார்த்தாள். கழுத்தில் தோல் ரேடியேஷனில் கறுத்துக் கிடக்கிறது அவ்வளவு தூரத்திலும் தெரியும். ஒரு தாச்சியை எடுத்து அடுப்பில் வைத்து, எண்ணெய்ப் போத்தலை என் கையில் தந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

நான் வெங்காயம், உள்ளிப்பூண்டு வதக்கினேன். கைப்பையைத் திறந்து, விற்றமின் போத்தலில் கொண்டுபோயிருந்த கறித்தூளில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். தூளில்லாமல் நாடுவிட்டு நாடு போகிற பெண்ணா நான்? அந்த மணத்துக்கு மார்த்தா தும்மினாள். பிறகு கோப்பையில் இருந்ததை மீனோடும் புளியோடும் அப்படியே தாச்சியில் கவிழ்த்து, கொதி, கொதி என்று கொதிக்கவிட்டேன். மீனில் ஒரு துண்டும் பச்சையாக இருக்கக்கூடாது என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது. கறி சாம்பல் நிறமாகியது. மார்த்தா சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அதைக் கவனித்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. ருசி பார்க்காமலே இறக்கினேன். கோபம் வந்தால் எனக்கு மூக்கும் வேலை செய்யாது.

"இப்ப சாப்பிடுங்கோ," என்று கொண்டுவந்து வைத்தேன். வெயிற்றரும் மார்த்தாவும் குசினி வாசலில் நின்று பார்த்தார்கள்.

அவர் ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தார். அந்தப் பழகிப்போன இரண்டு சொல்லுக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை. மனுசன் மெல்லாமல் விழுங்காமல் அப்படியே இருந்தார். பிறகு கண்ணைச் சுருக்கினார். பிறகு முகம் முழுக்கச் சுருங்கியது. முள்ளோ? தொண்டையோ? திரும்ப அந்தக் கான்சர் வருத்தமோ?

"என்னப்பா? நோகுதே? துப்புங்கோ!"

அவர் கடதாசியில் துப்பினார். கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கைக்குது," என்றார்.

"என்ன?"

"கைக்குதெண்டு சொல்லுறன்! தேசிப்புளியைக் கொதிக்க வைச்சனீரே? உமக்கென்ன விசரே?"

சொதியை இறக்கி, ஆறவிட்டுத்தான் தேசிக்காய் விடவேண்டும், அடுப்பில் விட்டால் கசந்து கைத்துப்போகும். இது எங்கள் ஆட்களில் சமைக்கத் தொடங்குகிற சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இந்தப் பேர்ணடெற், இவ்வளவு வருஷம் அடுப்படியில் நின்றவள், ஒரு கோப்பை தேசிப்புளியை ஊற்றி வற்ற வற்றக் காய்ச்சி வைத்திருக்கிறாள்.

ஆனால் அந்த நேரம் என் காதில் நின்றது அவர் சொன்ன அந்தக் 'கைக்குது' மட்டும்தான். அவரும் அப்போதுதான் தான் சொன்னதைத் தானே கேட்டவர் மாதிரி அசையாமல் இருந்தார். மெதுவாக இன்னொரு கரண்டி எடுத்தார். நுனிநாக்கில் வைத்தார். பிறகு உள்ளே எடுத்தார்.

"ஓம்," என்றார். "கைக்குது. புளிக்குது. தூளும் அடியில பிடிச்சுப்போச்சு. மீனைப் போட்டு இப்படி அவிச்சால் அது மீனே, பஞ்சே? என்ன கண்டறியாத கறியப்பா இது!"

ஐயோ, அந்தப் பேச்சு! கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்டாலும் எனக்கு அப்படி இருந்திருக்காது. நான் அழத் தொடங்கினேன், அதோடு சிரிப்பும் வந்தது, இரண்டையும் நிற்பாட்ட முடியவில்லை. புருஷன் பெண்டாட்டியைத் திட்டி அழவைக்கிறான் என்று நினைத்து மார்த்தா அகப்பையோடு வந்துவிட்டாள். நான் நாக்கை நீட்டி, வந்துவிட்டது, வந்துவிட்டது என்று கையால் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், அவருடைய முகம் சுளித்திருந்ததைப் பார்த்தாள், அந்தத் தாச்சிக்கறியைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்து ஏதேதோ ஸ்பானிஷில் சொன்னாள். நானும் தமிழில் ஏதேதோ சொன்னேன்.

"இன்னும் சொல்லுங்கோ," என்று அவரிடம் கேட்டேன். "வேற என்ன பிழை?"

"வேற என்ன பிழையோ? எது சரி எண்டு கேளும், அது சொல்லச் சுகம்," என்றார். அவருடைய கண்ணும் நிறைந்துதான் இருந்தது. ஆனால் குரல் பழைய குரல். அந்த முதல்நன்மை விருந்து மண்டபத்தில் கேட்ட அதே திமிர்க் குரல்.

பிறகு என் மனுசன் புறங்கையால் அந்தக் கோப்பையைத் தள்ளினார். மேசையின் விளிம்புவரை தள்ளினார். கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டார்.

"உதை அந்தப் பெலிக்கனுக்குப் போடும்," என்றார். "இந்தக் குசினி மனுசியிட்ட வேற என்ன மீன் இருக்கு எண்டு கேளும். எனக்குப் பசிக்குது."