ஏழு ஜாயிண்ட் கிரீஸ்

ஓய்வு பெற்ற ஒரே வாரத்தில் எங்கள் தெருவில் ஒரு கதவுகூடக் கிறீச்சிடாமல் செய்துவிட்டேன். சட்டைப்பையில் சின்ன கிரீஸ் டப்பா. எங்கே சத்தம் கேட்டாலும் அங்கே ஆஜர். எதிர்வீட்டு கேட், நான் தடவிய தடவலில், ஆளைப் பார்த்ததும் தானாகத் திறந்தது. திருடனுக்கும் அதே மரியாதை கிடைக்கும் என்று அந்த வீட்டம்மா முறைத்தார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். நாற்பது வருஷம் பூமியில் துளை போட்ட கை மட்டும் இருக்குமா? நான் போட்ட துளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவைத் தொட்டு, மிச்சத்தில் அங்கேயும் ஒரு கிணறு வெட்டலாம்.

நான் போட்டதெல்லாம், மண் கட்டடத்தைத் தாங்குமா என்று பார்க்கும் துளை. என் மகள் போடுவது, மண்ணில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கும் துளை. ஒரு பழைய பஸ் பணிமனையை இடித்துவிட்டுக் குழந்தைகள் மருத்துவமனை கட்டப் போகிறார்கள். ஐம்பது வருஷம் ஒழுகிய என்ஜின் ஆயில் அந்த மண்ணில் ஊறிக் கிடந்தது. அது மேல் இரண்டு மீட்டரோடு நின்றுவிட்டது, அடியில் இருக்கும் இறுகிய களிமண் ஒரு சொட்டைக்கூட விடாது, மேல்மண்ணை அள்ளி அப்புறப்படுத்தினால் போதும் என்று மகள் எழுதிக் கொடுத்திருந்தாள். அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் இடம் அது.

அதைச் சரிபார்க்கப் போட்ட ஐந்து துளைகளின் மண்ணுக்குத் திங்கட்கிழமை லேபிலிருந்து முடிவு வந்தது. முதல் இரண்டு துளைகள் அவள் சொன்னபடியே. அடுத்த மூன்றில் பன்னிரண்டு மீட்டர் ஆழத்திலும் எண்ணெய். சாப்பிடும்போது இதைச் சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தன் கணிப்பு தப்பு என்று ஒப்புக்கொண்டால் மருத்துவமனை வேறு ஊருக்குப் போய்விடும், அவளை நம்பி இனி யாரும் ஒரு பூந்தொட்டி மண்ணைக்கூடத் தரமாட்டார்கள்.

எனக்குப் புரையேறியது. என் மனைவி தலையில் தட்டிய தட்டில் ஞாபகமெல்லாம் வெளியே வந்து விழுந்தது.

இரண்டு வாரம் முன்பு மகள் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனாள். கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். அவள் அதிகாரிகளோடு மைதானத்தின் மறுகோடியில் இருந்தாள். துளை போடும் ரிக் இயந்திரத்தை ஓட்டுகிறவன் முன்பு என்னிடம் வேலை பார்த்தவன். இரண்டு துளை முடிந்து, உள்ளே இறக்கும் இரும்பு ராடுகளை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, மூன்றாவதற்கு ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஜாயிண்டும் திருகும்போது போட்ட கூச்சலில் என் கடைவாய்ப் பல் இரண்டு ஆடியது. டப்பாவை எடுத்தேன்.

"மேஸ்திரி, இங்க எதையும் தடவக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றான் மெதுவாக.

"அந்த அம்மாவுக்கே அப்பன்டா நான்" என்றேன்.

எங்கள் காலத் துளைகளில் கிரீஸ் தடவாதவன்தான் குற்றவாளி. மண்ணில் எண்ணெய் இருக்கிறதா என்று அப்போது யார் பார்த்தார்கள்? ஐம்பது வருஷம் பஸ் ஆயிலால் முடியாததை என் கிரீஸ் அரைமணி நேரத்தில் சாதித்துவிட்டது. திருகுப் பள்ளத்தில் அப்பியது கழுவியும் போகாமல் அடுத்த இரண்டு துளைகளுக்கும் சவாரி போயிருக்கிறது.

செவ்வாயும் புதனும் வீட்டுக்குள்ளேயே நான் நடந்த தூரத்தில் கடலைத் தாண்டியிருக்கலாம். டம்ளரை எடுப்பேன், வைப்பேன். மகள் அறை வாசல்வரை போவேன், உள்ளே அவள் யாருக்கோ போனில் விளக்கிக்கொண்டிருப்பாள், திரும்பிவிடுவேன். "எறும்புப் புத்துமேல உக்காந்தவராட்டம் என்ன இது, ஒரு இடத்துல இருங்களேன்" என்றாள் மனைவி. இருந்தேன். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை மகள் செருப்பு மாட்டும்போது சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

"என்னைக் காப்பாத்தறதுக்காகக் கதை விடாதீங்கப்பா. போன மாசம் பல்லி விழுந்ததை முதலைன்னு சொன்னவர்தானே நீங்க."

டப்பாவை நீட்டினேன். அவள் அதை வாங்காமல் கேட்டாள்: "எத்தனை ஜாயிண்ட்ல தடவினீங்க?"

எழுபது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "ஏழு."

அவள் உதடு அசைந்தது. ஒன்றரை மீட்டர் ராடு, பன்னிரண்டு மீட்டருக்கு எட்டு, நடுவே ஜாயிண்ட் ஏழு. கணக்குச் சரியாக வந்ததும் ஒரு செருப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க ஒரு எண்ணிக்கையைப் பெருக்காமச் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். ரிக்காரன் எதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று கேட்டாள். மேஸ்திரி சொல்லை அவன் தட்டியதே இல்லை என்றேன். அதற்கும் சேர்த்து எனக்கே திட்டு விழுந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மகள் நடந்ததை நடந்தபடி சொல்லி, பத்து நாள் அவகாசம் வாங்கினாள். லேபில் அந்த எண்ணெயும் என் கிரீஸும் ஒன்றே என்று வந்தது. புது ராடுகளோடு மூன்று துளைகளையும் பக்கத்திலேயே மறுபடி போட்டார்கள். நான் வேலிக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஜாயிண்டுகள் கத்திய கத்தலில் காக்கை ஒன்று மயங்கி விழுந்தது; சத்தியம். ரிக்காரன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

களிமண் சுத்தம். மருத்துவமனை அங்கேயே வருகிறது. அறிக்கையில் என்னை 'அனுமதியில்லாத வெளிநபர் ஒருவர்' என்று எழுதியிருக்கிறாள். வெளிநபராம், பெற்றவனை.

டப்பா இன்னும் லேபிலிருந்து திரும்பவில்லை. இப்போது எங்கள் வீட்டு கேட்டே கிறீச்சிடுகிறது. ஒவ்வொரு சாயங்காலமும் மகள் அதை வேண்டுமென்றே இரண்டு தடவை திறந்து மூடிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.