இருநூற்றுப் பதின்மூன்று பந்து

அந்த பஸ் டெப்போவின் கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் எழுதியது டைம்கீப்பர் அக்கா. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று பதினெட்டு வருஷமாக நோட்டில் எழுதுகிறவள். அவள் எழுதினால் தப்பாது என்று டெப்போ முழுக்க நம்பிக்கை. அந்த நம்பிக்கையே, கண்ணுகளா, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு வினையாக வந்து நின்றது.

அவர்கள் லீக்கில் இரண்டு வகை ஆட்டம் உண்டு. ஒரே நாளில் நாற்பது ஓவரில் முடிவது ஒன்டே. இரண்டு சனி, இரண்டு ஞாயிறு என்று நான்கு நாள் நீள்வதைக் கொஞ்சம் பெருமையாக ‘டெஸ்ட்’ என்று சொல்லிக்கொள்வார்கள். வரும் ஞாயிறு ஒன்டே ஃபைனல். பத்துப் பேர் முடிவாகிவிட்டார்கள். ஓப்பனிங் இறங்க ஓர் இடம் பாக்கி. அதற்கு இரண்டு பேர்.

ஒருவன் கண்டக்டர். பட்டப்பெயர் சரவெடி, ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். மற்றவன் மெக்கானிக். நின்ற இடத்திலிருந்து பிடுங்க முடியாது என்பதால் ஆணி. அக்காவின் கணவருக்குத் தம்பி அவன். வயது முப்பத்தெட்டு. அடுத்த வருஷத்திலிருந்து முப்பத்தைந்து தாண்டியவர்கள் ஆடக் கூடாது என்று லீக்கில் சொல்லிவிட்டார்கள். இந்த ஃபைனலை விட்டால் அவனுக்கு வேறு ஃபைனல் கிடையாது.

கேப்டன் எலக்ட்ரீஷியன், நியாயமான ஆள். காலையிலேயே அக்காவிடம் வந்து, “ரெண்டு பேரும் ஒன்டேல எப்படி, டெஸ்ட்ல எப்படின்னு ஒரே தாள்ல எழுதிக் குடுங்கக்கா. ஆணி ஒன்டே ரெண்டுதான் ஆடியிருக்கான். அதை மட்டும் வச்சு என்னத்தைச் சொல்றது?” என்றான்.

இரண்டு வண்டிகளுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் அக்கா எழுதிக் கொடுத்தாள்.

மத்தியானம் அக்காவும் அணியும் டயர் அறையில் கூடினார்கள். ஆணி மட்டும் வரவில்லை. பள்ளத்தில் இறங்கி, மேலே நின்ற பஸ்ஸின் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தான். இரண்டு மணிக்குள் பதினோரு பேரை எழுதி அனுப்ப வேண்டும். கேப்டன் தாளை உரக்கப் படித்தான்.

“டெஸ்ட். ஃபைனல்ல வர்ற இதே டீமோட போன மாசம் ஆடினது. சரவெடி எண்பத்தெட்டு ரன், தொண்ணூத்தாறு பந்து. ஆணி எண்பத்திரண்டு ரன், இருநூத்திப் பதிமூணு பந்து.”

“இருநூத்திப் பதிமூணா?” என்றான் சரவெடி. “ஒன்டேல மொத்தமே இருநூத்தி நாப்பது பந்துதான். மிச்சம் இருபத்தேழையும் நாங்க பத்துப் பேர் பங்கு போட்டுக்கணுமா?”

அறை சிரித்தது. கேப்டனும் சிரித்தபடி பேனாவைத் திறந்தான்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்டேயில் பந்துக்குப் பஞ்சம் என்பதால் ஒவ்வொருவன் பேருக்கும் எதிரே அவள் பந்தைக் கூட்டி வைப்பாள். டெஸ்டில் யார் அதையெல்லாம் கேட்டார்கள்? பஸ்ஸுக்கு எழுதுகிற மாதிரி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், அவ்வளவுதான். காலையில் அவசரத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து எழுதிவிட்டாள். அந்த இருநூற்றுப் பதின்மூன்று, பந்தே இல்லை, நிமிஷம். சரவெடியின் தொண்ணூற்றாறும் அப்படித்தான்.

இப்போது வாயைத் திறந்தால் கொழுந்தனுக்காகக் கணக்கை மாற்றினாள் என்பார்கள். திறக்காவிட்டால் கொழுந்தன் கதி அதோகதி. பேனா தாளைத் தொடப் போனது.

“எழுதாதப்பா. தப்பு என்னோடது,” என்று எழுந்தாள் அக்கா. விஷயத்தைச் சொன்னாள்.

மூலையிலிருந்து ஒரு டிரைவர், “அண்ணி இருந்தா ஆம்புலன்ஸ் எதுக்கு,” என்றான்.

“அதுக்குத்தான் நான் எண்ணப் போறதில்லை,” என்றாள் அக்கா. ஸ்கோர் நோட்டைக் கொண்டுவந்து சரவெடியின் மடியில் வைத்தாள். “ஒரு ஓவருக்கு ஒரு வரி. யாரு போட்டா, யாரு ஆடினா, பந்துக்குப் பந்து இருக்கு. நீ எண்ணு.”

“நானா?”

“உன்னை விட்டா வேற யாரு சொன்னாலும் இவங்க நம்ப மாட்டாங்க.”

சரவெடி டிக்கெட் கிழிக்கிற விரலைப் புள்ளிகள் மேல் ஓட்டினான். முதலில் வாய்விட்டு எண்ணினான். போகப் போகச் சத்தம் குறைந்தது. அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. ஓரிடத்தில் நின்றான். இரண்டு பக்கம் பின்னால் போய் மறுபடி எண்ணினான்.

“எவ்வளவு வருது?” என்றான் கேப்டன்.

“ஆணி நூத்தி முப்பத்தோரு பந்து. நான் எழுபத்தஞ்சு.”

“அப்பவும் நீதான் வேகம்.” கேப்டன் மறுபடி பேனாவை எடுத்தான்.

சரவெடி அப்படியே விட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

“கொஞ்சம் இருண்ணே,” என்றான். “அன்னிக்கு நானும் ஆணியும் சேர்ந்து நின்னப்போ நெட்டையன் எட்டு ஓவர் போட்டிருக்கான். நாப்பத்தெட்டு பந்து. அதுல நான் எத்தனை ஆடினேன் தெரியுமா? பதினொண்ணு.”

நெட்டையன் எதிரணியின் வேகப்பந்துக்காரன். அவன் ஓடி வந்தால் பலருக்குக் கால் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமையும் அவன்தான் முதல் ஓவர்.

“மத்தவன் போட்டா ஆணி முதல் பந்துலயே ஒரு ரன் எடுத்து எனக்குக் குடுத்துட்டுப் போறான். நெட்டையன் வந்தா பந்தைத் தானே வாங்கிக்கிறான். ஓவர் ஓவரா இதேதான். நான் என்னமோ என் கை ராசின்னு நினைச்சு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.” நோட்டை மூடினான். “அந்தப் பதினொண்ணுல நான் எடுத்தது ரெண்டு ரன். நெட்டையன் முன்னாடி இறங்க வேண்டியது நான் இல்லைண்ணே. ஆணி பேரை எழுது.”

கேப்டன் ஆணியின் பேரை எழுதினான். அக்கா சரவெடியின் தோளில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு, வந்து நின்ற வண்டியின் நேரத்தைக் குறிக்க ஓடினாள்.

சரவெடி நேரே பள்ளத்துக்குப் போய்க் குனிந்தான்.

“டேய் ஆணி. ஞாயித்துக்கிழமை நீதான் ஓப்பனிங்.”

கீழே ஸ்பேனர் சத்தம் நின்றது. “நீ?”

“தண்ணி தூக்கிட்டு வருவேன். அதை விடு. அன்னிக்கு நெட்டையனை நீயே வாங்கிக்கிட்டியே, என்கிட்ட ஒரு வார்த்தை ஏன்டா சொல்லலை?”

“நீ நல்லா அடிச்சிட்டிருந்த. பேச்சுக் குடுத்து எதுக்குக் கெடுக்கணும்?”

சரவெடி தோள்பையைக் கழற்றி ஓரமாக வைத்தான். துவைத்துப் போட்ட சீருடையைப் பற்றி யோசிக்காமல், கிரீஸ் படிந்த படிகளில் இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றான்.

“அவன் ஓடி வர்றப்போ எதைடா பாக்குற? கையையா?”

“கையைப் பாத்தா பயம் வரும்,” என்றான் ஆணி. “தோளைப் பாரு. இப்படி நில்லு, காட்டுறேன்.”