கொடியில் வெள்ளைத் துணி

மாமனாரின் பழைய வேட்டியைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தேன். கடையில் வாங்கும் புதுத்துணியில் கஞ்சி இருக்கும், ஊசி தடுக்கும். பல வருஷம் துவைத்த வேட்டியில் கஞ்சி இருக்காது. மிச்சமிருக்கும் சொட்டு நீலமும் போய்விட்டால் நூலின் நிறம் சரியாகத் தெரியும். வேதியியல் படித்ததில் எனக்கு இன்றுவரை பயன்பட்டது இந்த அளவுதான்.

ஆறிய பிறகு அலசி, சதுரம் சதுரமாகக் கிழித்து, வாசல் கொடியில் காயப்போட்டேன்.

அதுவரை நான் காகிதவேலைதான் செய்துகொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகைகளை மெல்லிய நாடாவாக நறுக்கி, ஈர்க்குச்சியில் சுற்றிச் சுருளாக்கி, அட்டையில் ஒட்டுவேன். பூ, மீன், கோழி. பத்திரிகையில் பிள்ளையார் இருந்தால் நறுக்கக்கூடாது என்று என் மாமியாரான அத்தை சொல்லியிருந்தார். அதனால் முதலில் பிள்ளையாரைச் சுற்றி வெட்டி எடுத்து அவரிடம் கொடுத்துவிடுவேன். சாமி மாடத்தில் பிள்ளையார்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டார்கள்.

"காகிதத்தச் சுருட்டிச் சுருட்டி என்னத்தக் காணப் போற?" என்பார் அத்தை.

"சும்மாதான் அத்த."

ஆனி பிறந்ததும் மலையிலிருந்து காற்று இறங்கியது. அனுமந்தன்பட்டியில் அந்தக் காற்றுக்குக் கதவைச் சாத்தினாலும் தூசி வரும். சுருட்டி வைத்த காகிதமெல்லாம் தெருவுக்கு ஓடியது. அதனால் நூலுக்கு மாறினேன். உத்தமபாளையத்தில் ஒரு மர வளையமும் பச்சையில் நான்கு வகை நூலும் வாங்கினேன். துணியை வளையத்தில் இழுத்துப் பூட்டினால் உடுக்கைத் தோல் மாதிரி நிற்கும். ஊசி கீழே போகும், மேலே வரும். அந்த நேரத்தில் நான் எதையும் உணர வேண்டியதில்லை. நாளின் மற்ற நேரத்தில், உணரவில்லையே என்று உணர வேண்டியிருந்தது.

தையில் எனக்கு ஒன்று தங்கி, மூன்றாம் மாதம் முடிவதற்குள், பங்குனியில் கலைந்துவிட்டது. தேனியில் டாக்டரம்மா, உடம்பில் ஒரு குறையும் இல்லை, நிறையப் பேருக்கு இப்படி ஆகும் என்றார். மூன்று மாதம் முடியாமல் வெளியில் சொல்லக்கூடாது என்று அத்தை சொல்லியிருந்ததால், பெரியகுளத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பிறகு வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் திலீபன் மட்டும் ஒரு நாள், "அழணும்னா அழுதுரு ஈஸ்வரி" என்றார். முயன்று பார்த்தேன். வரவில்லை. எழுந்துபோய்ச் சோறு வடித்தேன்.

துணி காய்ந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டுக் கருத்தம்மாள் வந்து கொடியருகே நின்றார்.

"என்னத்தா, வெள்ளை வெளேர்னு காயுது?"

"பழைய வேட்டி சின்னத்த. தைக்கலாம்னு."

"தையி, தையி. வேணாம்னா சொல்லப் போறோம்?" என்று சிரித்துக்கொண்டே போனார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் ஒரு கிண்ணத்தில் மாங்காய்க் கீற்று, மேலே உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "வாய்க்கு ருசியா இருக்கும், தின்னு." தின்றேன். அன்று மாலை தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். அத்தை ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார்.

"வையி அங்கன. நான் தூக்க மாட்டனா?"

"ஏன் அத்த?"

"ஏன்னு ஒண்ணுமில்ல. வையின்னா வையி."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. போன தடவை கேட்டுக் கேட்டுத்தான் கண் பட்டுவிட்டது என்று அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வந்து இறங்கினாள். இரண்டு கையிலும் பை. கருத்தம்மாளின் மகளைப் பெரியகுளத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது.

"ஊரெல்லாம் தெரியுது, பெத்தவளுக்குச் சொல்லணும்னு தோணலையாடி?" வாசலிலேயே கேட்டாள். கேட்டுவிட்டு என் கன்னத்தைப் பிடித்தாள். கோபமாக இருக்க முயன்றாள், முகம் ஒத்துழைக்கவில்லை. "மெலிஞ்சுதான் இருக்க. மசக்கையா?"

அத்தை அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தார். "வாங்க மதினி. எனக்கும் இவ வாயத் தொறந்து சொல்லலையே. நானும் வாய மூடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஏன் மதினி?"

"தானா சொல்லட்டும்னு."

அம்மா பையைப் பிரித்தாள். மாதுளை, குங்குமப்பூ டப்பா, வீட்டில் இடித்த சத்துமாவு. நான் பேச வாயைத் திறந்தேன். எனக்கு எப்போதும் முதல் வார்த்தைக்கு நேரம் ஆகும். அதற்குள் அம்மா கட்டிலில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணிகளைப் பார்த்துவிட்டாள். மேலே இருந்ததை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லா பூ மாதிரி இருக்கு. ஆனா இம்புட்டுச் சீக்கிரமா கிழிப்பாக?" புரட்டினாள். பின்பக்கம் பச்சை நூலில் பாதி இலை. "நூல் வேலையெல்லாம் எதுக்குடி? பச்சப்பிள்ளைக்கு உறுத்துமே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறக்கிற பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்று பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சதுரம் போட்டு வைப்பார்கள். என் சித்தி மகளுக்கு நானே கிழித்துக் கொடுத்திருக்கிறேன். வேறு எதற்கும் யாரும் வேட்டியை இப்படிக் கிழிப்பதில்லை. கிழித்தபோதும், வரிசையாகக் காயப்போட்டபோதும் எனக்கு அது நினைவில் வரவே இல்லை.

"பிள்ளைக்கு இல்லம்மா."

"பின்ன?"

"எனக்கு. தைக்கிறதுக்கு."

"உனக்கு என்னத்துக்கு?"

"சும்மா. பிடிச்சிருக்கு."

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை என்னைப் பார்த்தார்.

"அப்ப ஒண்ணும் இல்லையா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"இல்லம்மா. போன வாரம்தான் விலக்காகிக் குளிச்சேன்."

அத்தை சுவரோரம் உட்கார்ந்தார். முந்தானையில் ஈரக்கையைத் துடைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "தையில ஒண்ணு தங்குச்சு மதினி. நிக்கல" என்றார்.

அம்மா மாதுளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "எனக்கு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன். எம் புத்தி அப்படி."

"எம் பிள்ள ஆசுபத்திரில கெடந்திருக்கா. நான் அங்கன பெரியகுளத்துல கல்லு மாதிரி இருந்திருக்கேன்."

இருவரும் அழுதார்கள். அம்மா சத்தமாக, அத்தை மூக்கை உறிஞ்சி. அது எனக்கு நடந்தது என்பதால் நானும் அழ வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் நடப்பதைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. போய் இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அத்தை துணிகளை ஒன்றாக அடுக்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா, இன்னொரு இலை பாதியில் நின்ற வளையத்தைத் திருகிக் கழற்றப் பார்த்தாள்.

"என்ன செய்றீக?"

"நல்ல துணி, வீணாக்க வேணாம்" என்றார் அத்தை. "பீரோவுல வச்சிருவோம். ஆகுறப்ப ஆகும்."

"வெளிய தெரியக் கூடாதுடி" என்றாள் அம்மா. "பாக்குறவ எல்லாம் ஒண்ணொண்ணு கேப்பா. நீ காகிதத்தையே சுருட்டு. அது யாரு கண்ணையும் உறுத்தாது."

இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அத்தை பீரோவைத் திறந்துவிட்டார். நான் எதற்கும் வேண்டாம் என்று சொன்னவள் இல்லை. வேண்டும் என்றும் சொன்னதில்லை. பீரோவுக்குள் போனால் அந்தத் துணி, வராத ஒருவருக்காக அங்கே காத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை சேலை எடுக்கும்போதும் நான் அதைப் பார்க்க வேண்டும்.

"அத்த, அது எனக்கு வேணும்."

"உனக்குத்தான்த்தா. உனக்காகத்தான வைக்கிறேன்."

"இப்ப வேணும். தைக்க."

என் குரல் எனக்கே சற்றுப் பெரிதாகக் கேட்டது. அத்தை பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். நான் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். கை வலித்தது. இறக்கவில்லை.

"அதத் தச்சா என்ன கெடைக்கும் உனக்கு?" அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

யோசித்தேன். "தச்சுக்கிட்டு இருக்கப்ப ஒண்ணும் கெடைக்க வேண்டியதில்ல அத்த."

அத்தைக்குப் புரிந்ததா தெரியவில்லை. பையைக் கொடுத்தார். பீரோவைச் சாத்தினார். பிறகு வாசலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி, "ஏ கருத்தம்மா! எம் மருமக பூவேலை தைக்கிறா. வேற ஒண்ணுமில்ல. மாங்காயக் கீறிக்கிட்டு வராத!" என்றார்.

"மாங்காயில என்னக்கா இருக்கு? சும்மாவும் திங்கலாம்ல?" என்று பதில் வந்தது.

நான் வாசலுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். அம்மா வளையத்தைத் தளர்த்தி வைத்திருந்தாள். திரும்ப இழுத்துப் பூட்டினேன். துணி சற்றுக் கோணிவிட்டிருந்தது. இலையின் நுனி பக்கவாட்டில் போனது. அப்படியே விட்டுவிட்டுத் தைக்கத் தொடங்கினேன்.

அம்மாவுக்கு மதியப் பஸ். ஆனால் கிளம்பவில்லை. கத்தியை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து மாதுளையைப் பிளந்தாள். முத்துகளைத் தட்டில் உதிர்த்தாள். நான் ஊசியை வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

"கைய எடு. வெள்ளைத் துணி, கறை பட்டா போகாது" என்றாள். "வாயத் தொற."

திறந்தேன். ஒரு பிடி போட்டாள். மென்றேன். எதிர்வீட்டுக் கருத்தம்மாள் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இன்னும் ஒரு பிடி எடுத்தாள்.

நான் ஊசியை எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.