வீட்டோடு மாப்பிள்ளையும் பீட்டா-கேட்டனினும்

1

கோட்டுச்சேரி பஸ்ஸில் முன் ஸீட்டிலிருந்து திரும்பி, ஆராய்ச்சி மாணவி நௌஷின் எனக்குப் பீட்டா-கேட்டனினை விளக்கியதுதான் இந்தக் கதைக்கு மூலம். பாதி புரிந்தது. மீதியைத்தான் எழுதப் போகிறேன்.

2

"செல்லின் சுவரோரம் அலைகள் வந்து..."

(இந்த வரியை அடித்துவிட்டேன். "மனுஷ செல்லுக்கு ஏது சார் சுவரு? அது சவ்வு" என்றாள் நௌஷின்.)

மறுபடி: அது ஒரு புரதம். சவ்வோரம் நின்றால், பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொள்ள உதவும். வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால், உட்கருவுக்குள் போய் வளர்ச்சியைத் தூண்டும். இரண்டும் இல்லாமல் சும்மா திரிந்தால் செல்லே அதை உடைத்துப் போட்டுவிடும். [அரசு அலுவலகங்களில் இந்த ஏற்பாடு இல்லை.]

3

நௌஷினுக்கும் வெளியிலிருந்து ஒரு சமிக்ஞை வந்தது: பெங்களூர் ஆய்வகத்தில் வேலை. சேர வேண்டிய அதே மாதத்தில் இக்பாலோடு நிக்காஹ். அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதற்காக அவளுடைய உம்மா நபீசா மாடியில் அறை கட்டி, ஏசி மாட்டிப் பூட்டி வைத்திருந்தார். அந்த உம்மாவிடம் வேலையைப் பற்றி எப்படிச் சொல்வதென்று நௌஷினுக்குத் தெரியவில்லை.

[இங்கே நபீசாவுக்கு ஒரு நெஞ்சுவலி கொடுத்தேன். கதை சூடுபிடித்தது. "எங்க உம்மா மாடிப்படிய ரெண்டு ரெண்டா ஏறுவாங்க, வெட்டுங்க" என்றாள் நௌஷின். வெட்டினேன்.]

4

ஒருவழியாகச் சமையலறையில் சொல்லிவிட்டாள்.

"மாப்புள்ள இங்க வர்றாரு, நீ அங்க போறியா? அப்ப அவர யாருக்குக் கட்டி வைக்கிறேன், எனக்கா?"

"அவரும் லீவு முடிஞ்சா கத்தாருக்குப் போயிடுவாரு உம்மா. நா மாடியில உக்காந்து ஏசியப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

நபீசா அடுப்பை அணைத்தார். "நீ போயிட்டா வூட்டுல பேச ஆளில்ல புள்ள."

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு அழுகை முட்டியது. இதற்கு மேல் என்ன எழுதுவதென்று எனக்குத் தோன்றவில்லை.

5

முடிவு அ: போகிறாள். மாமியாரும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள்.

முடிவு ஆ: இருக்கிறாள். "மன்னிக்கவும், என்னால் பணியில் சேர..." (கை ஓடவில்லை.)

முடிவு இ: உம்மாவும் பெங்களூர். நபீசாவிடமே கேட்டுப் பார்த்தேன். "மாடி ரூமப் பெருக்க நீங்க வருவீங்களா?" என்றார்.

இப்போது நபீசாவே போனில் வந்திருக்கிறார்.

"பெங்களூரு ரொம்பக் குளிருமா தம்பி? புள்ளக்கிக் குளிரு ஒத்துக்காது."

அனுப்பத்தான் கேட்கிறாரா, நிறுத்தக் காரணம் தேடுகிறாரா, தெரியவில்லை. போனில் அவர் பக்கத்தில் நௌஷின் மூச்சுவிடுவது கேட்டது. பொய் சொல்லியே பிழைப்பவன் நான், வாய் வரவில்லை.

நீங்கள் அந்த ஊருக்குப் போயிருப்பீர்கள். இந்தாருங்கள் போன். குளிருமா, குளிராதா?