கேசட்டில் பேசும் அத்தா

தொண்ணூற்றேழில் லப்பைக்குடிக்காட்டில், சவுதிக்குச் சம்பாதிக்கப் போனவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு டின் பால்பவுடரும் பிஸ்கட்டும்தான் சோறு. மர்ஜியாவின் மகள் ஹுமாவும் அப்படித்தான் வளர்ந்தாள். கீரையைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொள்வாள். மூன்று வயதாகியும் கை கால் குச்சி குச்சியாக இருக்க, எடை போட்ட பால்வாடி டீச்சர் மர்ஜியாவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பெற்றவளுக்கு வலிக்காதா?

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவள் புருஷன் நசீர், மற்ற சவுதிக்காரர்களைப் போலவே, சேதியைக் கேசட்டில் பேசி ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். அடுத்த கேசட்டில் மகளைச் சாப்பிடச் சொல்லிப் பேசுங்கள் என்று போனில் கேட்டுக்கொண்டாள். அவனும் ஒரு கேசட் முழுக்க மகளிடமே பேசி அனுப்பினான்.

"ஹுமாக்குட்டி, அத்தாவுக்கு ஒரு வாய்" என்று டேப் சொன்னால் போதும், பிள்ளை ஆவென்று வாயைத் திறக்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு அடை, எது வைத்தாலும் தட்டு காலியானது. வருஷம் திரும்புவதற்குள் கன்னம்கூட உப்பிவிட்டது. மர்ஜியாவைக் கெட்டிக்காரி என்று தெருவே மெச்சியது. மெச்சுவதற்கு என்ன காசா பணமா?

நசீர் லீவில் வந்தான். வந்த அன்றே சோற்றுத் தட்டோடு மகள் முன்னால் உட்கார்ந்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு டேப்பைக் காட்டினாள்.

"இவங்க வேணாம். அத்தாவப் போடும்மா."

மர்ஜியாவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரக்கட்டை மாதிரி எழுந்துபோய் டேப்பைப் போட்டுவிட்டாள். அவன் தட்டைப் பிடித்தபடி தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தான். பழகிவிடும் என்று பார்த்தார்கள். அவன் வாங்கிவந்த பொம்மைகளை வாங்கிக்கொண்டாளே தவிர, அவன் கையால் ஒரு பருக்கை வாங்கவில்லை.

லீவு முடியப்போகும் சமயம் பார்த்து, தேய்ந்துபோயிருந்த கேசட் நாடா டேப்புக்குள் மாட்டிக்கொண்டு அறுந்தது. ஹுமா காலையிலும் சாப்பிடவில்லை, மதியமும் சாப்பிடவில்லை. சாயங்காலம் பிள்ளை துவண்டு படுத்துவிட்டாள். நசீர் பால்பவுடர் டின்னை எடுத்தான். மர்ஜியா அதைப் பிடுங்கி மூடினாள்.

"திரும்ப இதுல பழக்கிட்டு நீங்க பிளைட் ஏறிடுவீங்க. நான்ல கெடந்து அல்லாடணும்."

அவன் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "ஹுமாக்குட்டி, அத்தாவுக்கு ஒரு வாய்" என்று குரல் வந்தது. பிள்ளை சட்டென்று எழுந்து டேப்பைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

மர்ஜியா பிசைந்து ஊட்டினாள். கை ஊட்டியதே தவிர மனசு எங்கேயோ மரத்துக் கிடந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரவர, கீரைச்சோறு முழுக்க இறங்கியது. வாயைத் துடைத்துவிடும்போது ஹுமா டேப்பிடம் கேட்டாள்.

"அத்தா, நம்ம வூட்டுக்கு எப்ப வருவீங்க?"

மர்ஜியா கதவைப் பார்த்தாள்.

"சீக்கிரம் வரேம்மா" என்றான் நசீர்.